வேலை, வீடு, மணி: தோட்டப்புற ஊரில் மீட்பு நாய் பழக்குவோருக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் நாயின் பெயர் மணி. கடிகாரத்தை நினைத்து வைத்த பெயர் இல்லை. தாத்தா லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்த்த நாய்க்கும் அதே பெயர், அதற்கு முந்தையதற்கும் அதே பெயர். ஆனால் வீட்டில் யாராவது "மணி என்ன?" என்று கேட்டுவிட்டால் போதும், வாலை ஆட்டிக்கொண்டு முன்னால் வந்து நிற்கிறது. நேரத்தைக் கேட்டால் நாய் வருகிறது. மூன்று ஆண்டுகளாக என் பிழைப்பும் ஏறக்குறைய அப்படித்தான்.

இருப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில். ஈப்போவுக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டர். ஒரு பக்கம் செம்பனை (எண்ணெய்ப் பனை), இன்னொரு பக்கம் வெட்டாமல் மிச்சம் விட்ட பால்மரம் (ரப்பர்), கிழக்கே காடும் மலையும். கோலாலம்பூரில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே நிரல் எழுதுகிறேன். மனைவி அரசு மருத்துவமனையில் தாதி. மகளுக்கு 10 வயது, மகனுக்கு 6. அம்மாவும் எங்களோடுதான். இதற்கு நடுவில், காணாமல் போனவர்களைத் தேடும் நாயாக மணியைப் பழக்குகிறேன்.

"உனக்கு இதற்கெல்லாம் நேரம் எப்படிக் கிடைக்கிறது?" என்று கேட்பவர்கள் கேள்வியையே மாற்றிக் கேட்கிறார்கள். இளம் நாய்க்கு ஒரு நாளைக்கு வேண்டிய தேடல் பயிற்சி பதினைந்து நிமிடம்கூட இல்லை. தட்டுப்பாடு ஆளுக்குத்தான். தேடும் நாய்க்குத் தேடப்படுவதற்கு ஒருவர் வேண்டும். செம்பனை மட்டைக்குப் பின்னால், கொசுக்கடியில், கையில் ஒரு பந்தோடு உட்கார்ந்திருக்க மனமுள்ள ஒருவர். அந்த ஒருவர் பெரும்பாலும் உங்கள் வீட்டிலிருந்துதான் வருவார். அவரிடம் எவ்வளவு கடன் வாங்கலாம், எப்போது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் பாதி.

முதல் படி: குட்டி வருவதற்கு முன்பே வீட்டில் பேசுங்கள்

இரண்டு மாதக் குட்டியாகக் கொண்டுவந்தால் நம்பிக் களத்தில் இறக்க ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகும். உடல்நலம் இருந்தால் எட்டு, ஒன்பது வயதுவரை வேலை செய்யும். அதன் பிறகும் சில ஆண்டுகள் உங்கள் வீட்டு வாசலில்தான் படுத்திருக்கும். என் மகன் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதும்போது மணி கிழட்டு நாயாக இருப்பான். ஆகவே இது ஒரு பொழுதுபோக்கைத் தொடங்குவதுபோல இல்லை. வீட்டில் இன்னொரு ஆள் சேருவதுபோல.

நாங்கள் ஒரு தாளில் எழுதினோம். என் மனைவி மூன்று நிபந்தனை வைத்தார். இரவுப் பணி முடிந்து அவர் தூங்கும் பகலில் குரைப்புப் பயிற்சி கூடாது. ஞாயிற்றுக்கிழமை பயிற்சியே கூடாது. சாப்பிடும்போது நாயைப் பற்றிப் பேசக் கூடாது. மூன்றாவதை அற்பமானது என்று நினைத்தேன். அதைத்தான் அதிகம் மீறியிருக்கிறேன். அம்மாவுக்கு நாய் வீட்டுக்குள் வருவதே பிடிக்கவில்லை. பைரவரின் வாகனம் என்று சொல்லிப் பார்த்தேன். "அப்படியானால் கோயில் வாசலில் இருக்கட்டும்" என்றார். பேச்சுவார்த்தையில் வாசல் வராந்தா முடிவாயிற்று.

பணத்தையும் அன்றே பேசிவிடுங்கள். தீனி, தடுப்பூசி, உண்ணி மருந்து, சனிக்கிழமைப் பெட்ரோல் என்று எனக்கு மாதம் 400 வெள்ளி (ரிங்கிட்) அளவில் போகிறது. நோய் வந்த மாதத்தில் இந்தக் கணக்கு செல்லாது. அதற்கென்று தனியாக ஒரு தொகை ஒதுக்கி வையுங்கள்.

இரண்டாம் படி: அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள்

மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்கள் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளன. வார வேலை நேரத்தின் உச்சவரம்பு 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைந்தது. நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியமானது இன்னொன்று: வேலை நேரம், நாள், இடம் ஆகியவற்றில் நெகிழ்வு வேண்டும் என்று தொழிலாளர் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாள்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் கேட்கும் உரிமை இருக்கிறது, அதைப் பயன்படுத்துபவர்கள் குறைவு.

விண்ணப்பத்தில் நாயின் பெருமையைப் பாடாதீர்கள். மேலாளருக்கு அது வேண்டாம். எந்த நாள், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிப்பீர்கள், குழுவின் கூட்டங்களில் எது பாதிக்கப்படாது என்பதை மட்டும் எழுதுங்கள். நான் கேட்டது சிறியது: மற்ற நாள்களில் 9 முதல் 6 வரை, புதன்கிழமை மட்டும் 8 முதல் 5 வரை. மாலை 5 மணிக்கும் இருட்டுவதற்கும் நடுவில் உள்ள இரண்டு மணி நேரம் எனக்குப் பொன். அதைத் தவிர, சர்வர் விழுந்தால் நள்ளிரவில் எழுப்பப்படும் அழைப்புப் பணி எங்கள் குழுவில் முறைவைத்து வரும். அந்த வாரத்தில் நீண்ட பயிற்சி எதுவும் வைப்பதில்லை. இந்த விதி எப்படிப் பிறந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்; என் மானம் போகும் கதை அது.

மூன்றாம் படி: நாயும் அக்கம்பக்கமும்

களத்தில் லாப்ரடார், மலினோயா, ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற இனங்களை அதிகம் பார்க்கலாம். மணி எந்த இனமும் இல்லை, தோட்டத்துக் கலப்பு. இனத்தைவிட மூன்று குணத்தைப் பாருங்கள். விளையாட்டுப் பொருளின் மேல் வெறி: புல்லுக்குள் எறிந்த பந்தை நீங்கள் மறந்த பிறகும் அது தேடிக்கொண்டிருக்க வேண்டும். பயமின்மை: தகரம் விழும் சத்தத்தில் துள்ளலாம், ஆனால் திரும்பி வந்து அந்தத் தகரத்தை மோந்து பார்க்க வேண்டும். அறிமுகமில்லாத மனிதர்மேல் ஆசை: எல்லோரையும் பார்த்துக் குரைத்துக் காவல் காக்கும் நாய் நல்ல நாய்தான், ஆனால் இந்த வேலைக்கு ஆகாது. மயங்கிக் கிடப்பவரைக் கண்டு மகிழ வேண்டும், மிரட்டக் கூடாது.

ஊராட்சி மன்றத்தில் நாய் உரிமம் எடுத்து, அடையாள வில்லையைக் கழுத்துப்பட்டையில் மாட்டுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க எண்ணினால் சில இனங்களுக்குத் தடையும் சிலவற்றுக்குக் கட்டுப்பாடும் உண்டு. கால்நடைச் சேவைத் துறையிடம் முதலில் கேளுங்கள்.

எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லோரும் இருக்கிறோம். முஸ்லிம் அண்டை வீட்டாருக்கு நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். அதைச் சங்கடமாகப் பேசாமல் முதல் வாரமே நேரில் போய்ப் பேசினேன்: எந்த வழியாக நடத்துவேன், கயிறு எப்போதும் கையில் இருக்கும், உங்கள் வாசல் பக்கம் வராது என்று. எதிர்வீட்டு அண்ணன் லோரி ஓட்டுபவர். ஒரு நாள் அவராகவே, "நான் லோரிக்குள் கதவை மூடிக்கொண்டு உட்காருகிறேன், உன் நாய் கண்டுபிடிக்கிறதா பார்ப்போம்" என்றார். நாய் வெளியே நின்று குரைக்கும், பந்தை நான் எறிவேன், அவரைத் தொடவே தொடாது. மூடிய இடத்துக்குள் இருப்பவரை வெளியே கசியும் மணத்தை வைத்துக் காட்டிக் கொடுப்பது மீட்பு நாய் கட்டாயம் கற்க வேண்டிய பாடம். காசு கொடுத்தாலும் கிடைக்காத பயிற்சியை அந்த லோரி எனக்குத் தந்தது.

நான்காம் படி: வாரத்தை எந்த வரிசையில் நிரப்புவது

முதலில் மனைவியின் பணி அட்டவணை. காலைப் பணி 7 முதல் 2, மாலைப் பணி 2 முதல் 9, இரவுப் பணி 9 முதல் மறுநாள் காலை 7. அது மாதத்துக்கு மாதம் மாறும். அடுத்து என் அழைப்புப் பணி வாரம். அதற்கடுத்து பிள்ளைகளின் டியூஷன், தேவாரம் வகுப்பு, கோயில் திருவிழா. கடைசியாக மிஞ்சும் இடைவெளியில் மணி. வரிசையை மாற்றி, நாயை முதலில் எழுதிப் பார்த்த மாதம் ஒன்று உண்டு. அந்த மாதத்தின் முடிவில் வீட்டில் என்னோடு பேசியது மணி மட்டும்தான்.

இப்போது நடப்பது இது. பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிட்டு 7.30க்கு நேரே தோட்ட ஓரம். கீழ்ப்படிதல், ஏறுவது, இறங்குவது, தடுப்புகளில் நடப்பது ஆகியவற்றுக்கு ஆள் தேவையில்லை. வாரத்தில் இரண்டு காலை அவற்றுக்கே போகும், ஒவ்வொன்றும் இருபது நிமிடம். 8.15க்கு வீடு, குளியல், பசியாறல், 9 மணிக்குக் கணினி. புதன் மாலை பிள்ளைகளோடு ஒளிதல். வெள்ளி மாலை ஐந்து நிமிடக் குரைப்புப் பயிற்சி, அதுவும் மனைவி தூங்கவில்லை என்றால். சனி காலை 7.30 முதல் 9.30 வரை நீண்ட தேடல், வெளி ஆள்களோடு. ஞாயிறு மணிக்கு விடுமுறை, எனக்குத் துணி மடிக்கும் நாள்.

மாதம் இரண்டு முறை கோலாலம்பூர் அலுவலகத்துக்கு இடிஎஸ் ரயிலில் போகிறேன். அன்று அம்மா மணிக்குச் சோறு வைப்பார். வராந்தாவில் அவர் காலடியில் அது படுத்திருந்ததைத் திரும்பி வரும்போது பார்த்துவிட்டால், "தானாக வந்து படுத்துக்கொண்டது" என்பார்.

ஐந்தாம் படி: தேடல் எப்படிக் கற்றுக்கொடுப்பது

நாயின் மூக்கில் மணம் உணரும் செல்கள் 200 மில்லியனுக்கும் மேல். நமக்கு ஐந்தாறு மில்லியன். ஆகவே மோப்பத்தை நாம் கற்றுத் தருவதில்லை. "மனித மணத்தைத் தேடிப் போனால் உலகிலேயே சிறந்த விளையாட்டு கிடைக்கும்" என்ற ஒரே செய்தியைத்தான் கற்றுத் தருகிறோம்.

தொடக்கம் எளிது. ஒருவர் பந்தை நாய்க்குக் காட்டி ஆசை மூட்டிவிட்டு, அது பார்க்கப் பார்க்கப் பத்துப் பதினைந்து மீட்டர் ஓடி மரத்துக்குப் பின் ஒளிவார். நீங்கள் கழுத்துப்பட்டையைப் பிடித்திருந்து, ஒரே ஒரு சொல் சொல்லி விடுவீர்கள். எங்கள் சொல் "தேடு". நாய் போய்ச் சேர்ந்ததும் ஒளிந்தவர் பந்தைக் கொடுத்துக் கொண்டாட வேண்டும். இங்கே புதியவர்கள் செய்யும் தவறு, பரிசை வளர்ப்பவரே கொடுப்பது. பந்து ஒளிந்தவரிடமிருந்துதான் வர வேண்டும். இல்லாவிட்டால் நாய் பாதி வழியில் திரும்பி உங்கள் கையைப் பார்க்கும். மூடிய லோரி போன்ற இடங்களில் நானே எறிவது பிற்காலப் பயிற்சி. அப்போதும் பந்து அந்தக் கதவோரத்தில்தான் விழ வேண்டும்.

மூன்று முறை, அதிகம் போனால் நான்கு. அதோடு நிறுத்த வேண்டும், நாய் இன்னும் வேண்டும் என்று கெஞ்சும்போதே. நிரல் எழுதுபவனுக்கு இது பெரிய சோதனை. பிழை தீரும்வரை நாற்காலியைவிட்டு எழாத சாதி நாம். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று நான் நீட்டிய ஒவ்வொரு முறையும் ஐந்தாவது ஓட்டத்தில் மணி சலித்துப்போய்ப் புல் மேய்ந்திருக்கிறான். வெற்றியில் நிறுத்துவதற்கு வளர்ப்பவனுக்குத்தான் பயிற்சி வேண்டும்.

இது உறுதியான பிறகு ஒளிபவர் ஓடுவதை நாய் பார்க்காமல் செய்யுங்கள். பிறகு தூரம். பிறகு, நாய் தேடத் தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே ஒளிந்துவிடச் சொல்லுங்கள். ஒரே நேரத்தில் ஒரு கடினத்தை மட்டும் கூட்டுங்கள். தூரத்தைக் கூட்டிய நாளில் காத்திருப்பைக் கூட்டாதீர்கள்.

இதற்குள் காற்று உங்கள் ஆசிரியராகிவிடும். மனித உடலிலிருந்து ஒவ்வொரு நிமிடமும் ஆயிரக்கணக்கில் தோல் துகள்கள் உதிர்கின்றன. காற்று அவற்றை எடுத்துச் செல்கிறது. ஆளுக்கு அருகில் ஒடுக்கமாகவும் போகப் போக அகலமாகவும் விரியும் அந்த மண வழியை நாய் குறுக்கே கடக்கும்போது, தலை சட்டென்று திரும்பும். அந்தத் திருப்பத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஆகவே காற்றுக்கு எதிராகவும் குறுக்காகவும் நாயை அனுப்ப வேண்டும். காற்றைப் பார்க்க முகப்பவுடர் டப்பாவை அழுத்திப் பாருங்கள். தூள் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம். பவுடரை மறந்துவிட்ட ஒரு காலையில் சட்டைப்பையில் இருந்த திருநீற்றை ஊதி, பிறகு அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

செம்பனைக்கும் பால்மரத்துக்கும் காற்று ஒன்றுபோல வீசுவதில்லை. செம்பனை மரங்கள் ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. வளர்ந்த தோப்பின் அடியில் மட்டைகள் கூரைபோல மூடிக்கொள்வதால் காற்று அசையாமல் நிற்கும், மணம் குட்டைபோலத் தேங்கும். நாய் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும். அது குழம்பியிருக்கிறது என்று இழுத்துவிடாதீர்கள். அந்தக் குட்டையின் விளிம்பைத் தேடுகிறது. பால்மர வரிசைக்குள் காற்று சந்துபோல ஓடும், நாய்க்குச் சுலபம். தொடக்கக்காரர்கள் பால்மரத்தில் தொடங்கிச் செம்பனைக்குப் போகலாம். மலையடிவாரத்தில் இன்னொன்று: வெயில் ஏற ஏறக் காற்று சரிவில் மேலே போகும், மாலை குளிர்ந்ததும் கீழே இறங்கும். காலை 8 மணிக்கு வேலை செய்த திட்டம் 11 மணிக்குத் தலைகீழாகிவிடும்.

கண்டுபிடித்ததை நாய் சொல்லும் விதம் இரண்டு, மூன்று உண்டு. ஆளின் அருகிலேயே நின்று குரைப்பது ஒன்று. திரும்பி ஓடிவந்து வளர்ப்பவரை அழைத்துப் போவது இன்னொன்று. நான் குரைப்பைத் தேர்ந்தேன். தோப்புக்குள் பார்வை எட்டாது, சத்தம் எட்டும். குரைப்பைத் தனியாகக் கற்றுக்கொடுத்துவிட்டுத் தேடலோடு சேர்க்க வேண்டும்: ஒளிந்தவர் பந்தைக் கையில் இறுக்கிப் பிடித்துப் பேசாமல் இருப்பார், நாய் ஒரு முறை குரைத்ததும் பந்து. பிறகு மூன்று குரைப்புக்கு. பிறகு நீங்கள் வந்து சேரும்வரை.

கடைசியாக, ஆள் எங்கே என்று உங்களுக்கே தெரியாத தேடல். இதுவரை நாய்க்கு நீங்கள் அறியாமல் கண்ணாலும் தோளாலும் குறிப்புக் கொடுத்துக்கொண்டிருந்திருப்பீர்கள். என் மகள்தான் அதைக் கண்டுபிடித்தாள். "அப்பா, நான் ஒளிந்திருக்கும் பக்கம் நீங்கள் மெதுவாக நடக்கிறீர்கள்." உண்மைதான். அன்றிலிருந்து ஒளியும் இடத்தை அவள் மட்டும் தீர்மானிக்கிறாள், பெரியவர் ஒருவருக்கு மட்டும் சொல்லிவைத்துவிட்டு. சில நாள் யாரையுமே ஒளிய வைக்காமலும் தேட வையுங்கள். "இங்கே யாரும் இல்லை" என்பதும் களத்தில் பயனுள்ள பதில். ஆனால் அப்படிப்பட்ட நாளின் இறுதியில் எளிதாக ஒருவரைக் கண்டுபிடிக்க வைத்து மகிழ்வித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

ஆறாம் படி: வெயிலும் தோட்டமும்

பயிற்சியில் தவறினால் ஒரு வாரம் வீணாகும். இதில் தவறினால் நாய் போய்விடும்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. இரைத்துத்தான் அது உடம்பைக் குளிர்விக்கிறது. நம் ஊரின் ஈரக் காற்றில் அந்த வழி சரியாக வேலை செய்வதில்லை. நாக்கு அகன்று தொங்குவது, எச்சில் குழைவது, நடை தள்ளாடுவது ஆகியவை தெரிந்தால் பயிற்சி முடிந்தது. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். முதலில் குளிர்வித்துவிட்டுப் பிறகு வண்டியில் ஏற்றுங்கள். தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. நான் காலை 9.30க்கு மேல் தேட விடுவதில்லை. பெரிய நாய்களே இருபது, முப்பது நிமிடத் தேடலுக்குப் பிறகு ஓய்வெடுக்க வேண்டும்.

தோட்டம் தனியார் நிலம், ஆகவே அலுவலகத்தில் அனுமதி வாங்குங்கள். அதைவிட முக்கியமானது, வெள்ளிக்கிழமை மாலை தோட்டத்து மேற்பார்வையாளரான தண்டலைப் பார்த்து மூன்று கேள்வி கேட்பது. நாளை எந்த வரிசையில் குலை வெட்டுகிறார்கள்? எங்கே களைக்கொல்லி அடித்தார்கள்? எங்கே எலிமருந்து வைத்தார்கள்? முதல் கேள்வி தலையைக் காப்பாற்றும்: இருபது கிலோ குலை மேலிருந்து விழும்போது நாய்க்கும் பிள்ளைக்கும் விலகத் தெரியாது. களைக்கொல்லி அடித்த புல்லில் நாய் நடந்து பாதத்தை நக்கும். எலிமருந்துதான் மிகவும் மோசம். மரத்தடியில் மெழுகுக் கட்டிபோலக் கிடக்கும், நாய்க்கு அதன் வாசனை பிடிக்கும். தின்ற அன்று ஒன்றும் தெரியாது. மூன்று முதல் ஐந்து நாளில் ஈறு வெளுத்து, சோர்ந்து, உள்ளுக்குள் இரத்தம் கசியும். தின்றதைப் பார்த்தாலோ சந்தேகப்பட்டாலோ அறிகுறிக்குக் காத்திராமல், முடிந்தால் மருந்தின் உறையோடு, கால்நடை மருத்துவரிடம் போங்கள். இரத்தம் உறையாமல் செய்யும் வகை மருந்துகளுக்கு வைட்டமின் கே1 முறிமருந்து.

எலி இருக்கும் இடத்தில் நாகமும் இருக்கும். வெட்டிய மட்டைகளை இரு வரிசைக்கு நடுவில் குவித்திருப்பார்களே, அதுதான் அதன் வீடு. அந்தக் குவியலில் யாரையும் ஒளிய வைக்காதீர்கள். ஒளியும் இடத்தை முதலில் ஒரு பெரியவர் கம்பால் தட்டிப் பார்க்க வேண்டும். ஒளிபவர் காலணியும் நீளக் கால்சட்டையும் அணிந்திருக்க வேண்டும். எலியின் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நாய்க்கும் வரும், நமக்கும் வரும். நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி, நமக்குச் சோப்பும் புண்ணில் கட்டும். கொசு பரப்பும் இதயப் புழுவுக்கு மாத மருந்து, உண்ணிக் காய்ச்சலுக்குத் தினமும் காதையும் விரலிடுக்கையும் பார்ப்பது. இந்த வேலையை என் மகன் எடுத்துக்கொண்டான். தொடக்கத்தில் உண்ணி ஒன்றுக்குப் பத்து சென் கேட்டான்.

ஏழாம் படி: ஒளிந்திருப்பவரை மறக்காதீர்கள்

மானம் போகும் கதை இதுதான். இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு புதன் மாலை. அது என் அழைப்புப் பணி வாரம். மகள் பால்மரத்துக்குள் போய் ஒளிந்துகொண்டாள்; பத்து நிமிடம் கழித்து மணியை விடுவதாக ஏற்பாடு. ஐந்தாவது நிமிடத்தில் தொலைபேசி. பணம் செலுத்தும் பக்கம் விழுந்துவிட்டது என்று அலுவலகம். காருக்குள் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். "இரண்டே நிமிடம்" என்றுதான் நினைத்தேன். தலையைத் தூக்கியபோது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது, இருட்டத் தொடங்கியிருந்தது. மணி காருக்கு வெளியே கயிற்றை இழுத்து முனகிக்கொண்டிருந்தான். அவன் அவளை மறக்கவில்லை.

அவிழ்த்துவிட்டதும் நேராகப் போய்க் குரைத்தான். அவள் அழவில்லை. "நல்ல ஒளிவிடம் என்று நினைத்துக்கொண்டேன், அதனால்தான் கண்டுபிடிக்க முடியவில்லை என்று" என்றாள். எனக்குத்தான் தொண்டை அடைத்தது. இரவு மனைவியிடம் நானே சொன்னேன். அவர் கத்தவில்லை, தாளை எடுத்து நான்காவது நிபந்தனையை எழுதி என் பக்கம் தள்ளினார்.

அந்த விதி: யாரும் ஒளியும்போது அழைப்புப் பணி வேறொருவர் கையில் இருக்க வேண்டும். என் அழைப்புப் பணி வாரத்தில் ஒளிதல் கிடையாது, கீழ்ப்படிதல் மட்டும். அவசரமாக வாரத்தை மாற்ற வேண்டி வந்தால் சக ஊழியரிடம் ஒரு மணி நேரத்துக்கு ஒப்படைத்து, அவர் "ஏற்றுக்கொண்டேன்" என்று எழுதிய பிறகே தோட்டத்துக்குள் நுழைவேன். ஒளிபவரிடம் ஊதல் இருக்கும், கைக்கடிகாரம் இருக்கும். இருபத்தைந்து நிமிடத்தில் யாரும் வராவிட்டால் ஊதிக்கொண்டே வெளியே வர வேண்டும். பிள்ளை தனியாக ஒளிவது கிடையாது. கண்ணுக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இருப்பார். தோப்புக்குள் தொலைபேசி அலை கிடைக்காத இடங்களை முன்பே குறித்து வைத்திருக்கிறேன்.

வெளி ஆள்களிடம் வாங்கும் கடனையும் எழுதி வையுங்கள். பக்கத்து லயத்து அக்கா எனக்காக ஆறு சனிக்கிழமை ஒளிந்தார். அவர் மகனின் உயர்கல்வி விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பிக் கொடுத்தது நான். லோரி அண்ணனின் தொலைபேசி கெட்டால் முதலில் என்னிடம்தான் வரும். கணினி தெரிந்தவன் ஊரில் யாருக்கும் கடன்பட்டவனாக நீண்ட நாள் இருக்க வேண்டியதில்லை. ஆனால் மனைவி ஒளிந்த மணித்தியாலங்களுக்கு இப்படி ஈடு கிடையாது. அவருக்குத் தூக்கம்தான் வேண்டும். இரவுப் பணி முடிந்த காலைகளில் பிள்ளைகளையும் மணியையும் வீட்டைவிட்டு அப்புறப்படுத்துவதே நான் கட்டும் தவணை.

எட்டாம் படி: குறிப்பேடு

நாள், நேரம், காற்று, வெப்பம், ஒளிந்தவர் யார், எத்தனை நிமிடத்தில் கண்டது, எங்கே தவறியது. ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். இதற்கென்று ஒரு செயலியை நானே எழுதத் தொடங்கி மூன்று வார இறுதியைத் தின்றுவிட்டேன். தமிழ்ப்பள்ளிப் பயிற்சிப் புத்தகம் ஒன்றே போதும்.

ஒன்பதாம் படி: உண்மையான அழைப்பு

மலேசியாவில் பேரிடர்த் தேடலை நடத்துவது அரசு. 1993 டிசம்பர் 11 அன்று ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு தொகுதி சரிந்து 48 பேர் இறந்தார்கள். அதன் படிப்பினையாக 1994இல் ஸ்மார்ட் என்ற சிறப்பு மீட்புக் குழு அமைக்கப்பட்டது. தீயணைப்பு மீட்புத் துறைக்குத் தனி மோப்ப நாய்ப் பிரிவு இருக்கிறது. 2022 டிசம்பர் 16 அதிகாலையில் பத்தாங் காலியில் முகாம் தளத்தின் மேல் மண் சரிந்து 31 பேர் இறந்தபோது, நாள் கணக்கில் அந்தச் சேற்றில் நாய்கள் தேடின. 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்துக்கும் இங்கிருந்து போயின. பத்தாங் காலிச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்த இரவில்தான் எனக்கு இந்த ஆசை வந்தது.

ஆசை வந்ததால் அங்கே போக உரிமை வந்துவிடாது. யாராவது காணாமல் போனதாகக் கேள்விப்பட்டால் 999ஐ அழையுங்கள், நாயை ஏற்றிக்கொண்டு கிளம்பாதீர்கள். அழைப்பில்லாமல் நுழையும் நாய் அந்த இடத்தின் மணத்தைக் கலைக்கும். நீங்களும் தேடப்பட வேண்டிய இன்னொரு ஆளாகலாம். உங்கள் வட்டாரத் தீயணைப்பு நிலையத்துக்கும் குடிமைத் தற்காப்புப் படைக்கும் போய், உங்களை அறிமுகப்படுத்தி, தொண்டராகச் சேரும் வழியைக் கேளுங்கள். முதலுதவியும் வரைபடம் பார்ப்பதும் வானொலிக் கருவியில் பேசுவதும் கற்றுக்கொள்ளுங்கள். நாயைவிட நீங்கள்தான் பெரும்பாலும் பின்தங்கியிருப்பீர்கள். மணி இன்றுவரை எந்தப் பேரிடருக்கும் போனதில்லை. போகாமலே அவன் காலம் முடியலாம். அதை ஏற்க முடியாதவர்கள் குட்டி வாங்க வேண்டாம். அந்த ஏமாற்றம் நாயின் மேலும் பிள்ளைகளின் மேலும்தான் இறங்கும்.

அழைப்பு வரும் நாளுக்கும் வீட்டில் ஏற்பாடு இருக்க வேண்டும். என் மேலாளருக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறேன்: ஆண்டு விடுப்பில் மூன்று நாளை இதற்கென்று மிச்சம் வைப்பேன், அதற்கு மேல் கேட்க மாட்டேன். மனைவி பணியில் இருந்தால் நான் போக மாட்டேன். இதில் விவாதம் இல்லை.

பத்தாம் படி: தாளைத் திருத்துங்கள்

குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிய அந்தத் தாளைத் தீபாவளிக்கு முந்திய வாரம் கழற்றி, மேசையில் வைத்து, எல்லோரும் படிக்கிறோம். யார் வேண்டுமானாலும் ஒரு வரி சேர்க்கலாம், ஒரு வரி அடிக்கலாம், இதை நிறுத்திவிடலாம் என்றும் சொல்லலாம். முதல் ஆண்டு மனைவி நிறுத்தச் சொல்லிவிடுவாரோ என்று உள்ளுக்குள் பயந்தேன். அவர் ஞாயிறு விதியை மட்டும் இன்னும் தடித்த எழுத்தில் எழுதினார். சென்ற ஆண்டு அம்மா, மழை நாளில் மணி கூடத்தின் ஓரம்வரை வரலாம் என்று சேர்க்கச் சொன்னார். மகன் உண்ணி விலையை இருபது சென்னாக உயர்த்தினான். மகள் கடைசியில் பென்சிலால் எழுதியது அப்படியே இருக்கிறது: "ஒளியும் ஆளுக்கு மைலோ கொடுத்து அனுப்ப வேண்டும். குளிர்ந்தது."